ஊருக்கு உதவும் பாடம்: பாபல் கிராம உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பணிகள்

நம் நாட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் சாதனைகளைப் பற்றிப் பேசும்போது, பொதுத் தேர்வில் தேறியவர் எத்தனை பேர், விளையாட்டுப் போட்டிகளில் பெற்ற கேடயங்கள் எத்தனை என்பனவே பெரும்பாலும் கணக்கிடப்படுகின்றன. பள்ளி அமைந்துள்ள ஊருக்கு அதன் மாணவர்களால் விளைந்த நன்மை யாது என்று கேட்பவர் சிலரே. அக்கேள்வியையே முதன்மையாகக் கொண்ட ஒரு முயற்சி, மகாராஷ்டிர மாநிலத்தில் புனே மாவட்டத்து ஷிரூர் வட்டத்தைச் சேர்ந்த பாபல் என்னும் கிராமத்தில் உருவாயிற்று. அம்முயற்சியின் தன்மையையும், மாணவர்கள் மேற்கொண்ட பணிகளின் விஞ்ஞான அடிப்படையையும், ஆசிரியர்களும் கள ஊழியர்களும் அதனின்று அறியத்தக்கவற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முயற்சியின் தோற்றம்

பாபல், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பிரதேசத்தில் உள்ளது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறையே அப்பகுதியின் அடித்தளம். மழை குறைவு, கிணறு வெட்டினாலும் நீர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இத்தகைய வறட்சிக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, 1983ஆம் ஆண்டில் அங்கே குடியேறியவர் டாக்டர் ஸ்ரீநாத் கல்பாக் ஆவார். அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் உணவுத் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அவர், பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். ஓய்வு பெறும் வயது வருமுன்னரே அப்பணியை விட்டு, புனேயிலுள்ள இந்தியக் கல்விக் கழகத்தின் ஆதரவில், ‘விஞ்ஞான் ஆசிரமம்’ என்னும் நிலையத்தைப் பாபலில் தோற்றுவித்தார். 2003ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை அதற்கே உழைத்தார்.

தொழிலின் வாயிலாகக் கல்வி என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. 1937ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை நாட்டின் முன் வைத்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும், வேலை அனுபவம் பள்ளிக் கல்வியின் இன்றியமையாப் பகுதியாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எனினும் பல பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பு என்பது காலப்போக்கில் பெயரளவில் நின்றுவிட்டது. அங்கே செய்த பொருளை வாங்குவார் இல்லை. அதன் குறையை எடுத்துச் சொல்வாரும் இல்லை. பாபலில் கையாண்ட முறை இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது.

பாடத்தின் அமைப்பு

‘அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம்’ எனப் பெயரிடப்பெற்ற இப்பாடம் 8, 9, 10 ஆகிய வகுப்புகளுக்குரியது. மாணவர்கள் வாரத்தில் ஒரு நாளை இதற்காகச் செலவிடுகின்றனர். பொறியியல், எரிசக்தியும் சுற்றுச்சூழலும், விவசாயமும் கால்நடை வளர்ப்பும், இல்லமும் ஆரோக்கியமும் என நான்கு பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு மாணவரும் நான்கிலும் பயிற்சி பெறவேண்டும். ஆகவே பற்றவைப்பு வேலை ஆண்களுக்கும் சமையல் பெண்களுக்கும் என்ற பாகுபாட்டுக்கு இங்கே இடமில்லை. மின்கம்பி பொருத்துதல், சமதள மேசை கொண்டு நிலம் அளத்தல், மண் பரிசோதனை, சாண எரிவாயுக் கலத்தைப் பராமரித்தல், கம்பி வலையின்மேல் சிமெண்டுப் பூச்சிட்டுத் தொட்டி அமைத்தல் முதலியன பாடத்தில் இடம் பெறும் பணிகளாம்.

கற்பிப்போர் விஷயத்திலும் ஒரு புதுமை உண்டு. அவ்வட்டாரத்திலேயே தொழில் செய்து பிழைக்கும் திறமையாளர்கள் பயிற்றுநர்களாக நியமிக்கப்படலாம். அவர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் அங்குள்ள கருவிகளைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்தவும் இடமளிக்கப்பட்டது. இதனால் கருவிகள் துருப்பிடித்துக் கிடப்பது தவிர்க்கப்படும். பயிற்றுநருக்கும் வருவாய் உண்டாகும்.

இப்பாடத்தின் உயிர்நாடி ஊர்ச்சேவையாகும். மாணவர்கள் கற்ற வேலையை ஊராருக்குக் கட்டணம் பெற்றுச் செய்து தருகின்றனர். அத்தகைய பணிகளுள் மூன்றை இங்கு விரிவாகக் காண்போம்.

நிலத்தடி நீரைத் தேடுதல்

கிணறு தோண்டுமிடத்தைத் தெரிவு செய்வதில் குறிகாரர்களை நம்பிப் பொருளிழந்த விவசாயிகள் பலர். விஞ்ஞான் ஆசிரமத்தில் இதற்கு மண்ணின் மின்தடையை அளக்கும் முறை கையாளப்பட்டது. நான்கு உலோகக் கம்பிகள் ஒரே நேர்கோட்டில் சம இடைவெளியில் நிலத்தில் ஊன்றப்படும். வெளிப்புறக் கம்பிகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உட்புறக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளப்பர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் தடையை, கம்பிகளின் இடைவெளியாலும் 6.28 என்னும் எண்ணாலும் பெருக்கினால், நிலத்தின் தன்தடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, இடைவெளி 10 மீட்டராகவும் தடை 0.8 ஓம் ஆகவும் இருப்பின், தன்தடை ஏறத்தாழ 50 ஓம்-மீட்டர் ஆகும்.

இடைவெளியை அதிகரிக்க அதிகரிக்க, மின்னோட்டம் மேலும் ஆழமான அடுக்குகளை ஊடுருவும். பிளவற்ற கெட்டிப் பாறையில் தன்தடை நூற்றுக்கணக்கில் உயரும். நீர் நிறைந்த சிதைந்த பாறையிலோ சில பத்துகளாகக் குறையும். ஆகவே ஆழத்திற்கேற்ப எண்கள் மாறும் விதத்தைக் கட்டத்தாளில் வரைந்து, நீர் தேங்கத்தக்க அடுக்கு உண்டா என ஊகிக்கலாம். ஆனால் களிமண்ணும் குறைந்த தன்தடையையே காட்டும். எனவே அருகிலுள்ள கிணறுகளின் ஆழத்தையும் பாறையின் வகையையும் நேரில் பார்த்து ஒப்பிடாமல் முடிவு கூறுதல் தகாது. ஓம் விதியைத் தேர்வுக்கு மட்டும் மனனம் செய்த மாணவன், இப்பணியில் அவ்விதியின் பயனைக் கண்ணாரக் காண்கிறான்.

கால்நடையின் எடை

கிராமத்தில் மாட்டை நிறுக்கும் தராசு இருப்பதில்லை. ஆயினும் தீவனத்தின் அளவும், குடற்புழு மருந்தின் அளவும் எடையைப் பொறுத்தவை. மருந்து குறைந்தால் புழு சாகாது. மிகுந்தால் விலங்குக்கு ஊறு நேரலாம். இதற்கு அளவுநாடா ஒன்றே போதுமானது. முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனை முதல் பிட்டத்தின் எலும்பு முனை வரை உடலின் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840 என்னும் எண்ணால் வகுத்தால் எடை கிலோகிராமில் கிடைக்கும்.

சுற்றளவு 150 சென்டிமீட்டரும் நீளம் 130 சென்டிமீட்டரும் உள்ள ஒரு பசுவின் எடை, இக்கணக்கின்படி ஏறத்தாழ 270 கிலோகிராம். உடல் எடையில் நூற்றுக்கு 2.5 பங்கு உலர்தீவனம் தேவை எனக் கொண்டால், நாளொன்றுக்கு 6.75 கிலோகிராம் வேண்டும். பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீரேயாதலால், 10 கிலோகிராம் பசும்புல்லில் உலர்பொருள் 2 கிலோகிராமே உண்டு என்பதையும் மாணவர் உணர்வர். எண்கணிதம், உயிரியல், வீட்டுப் பொருளாதாரம் ஆகிய மூன்றும் ஒரு தொழுவத்தில் ஒன்று சேர்கின்றன.

இரத்தச்சோகையை அறிதல்

இல்லமும் ஆரோக்கியமும் என்னும் பிரிவில் இரத்தப் பிரிவைக் கண்டறிதலும் ஹீமோகுளோபின் அளவை மதிப்பிடுதலும் அடங்கும். பழைய முறைப்படி, 0.02 மில்லிலிட்டர் இரத்தத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்து, உண்டாகும் பழுப்பு நிறம் ஒப்பீட்டுக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்து வரும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து அளவைப் படிப்பர். 12 வயது நிரம்பிய பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை எனக் கொள்ளப்படும். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் இம்முறையில் பிழை நேரக்கூடுமாதலால், ஐயத்துக்குரிய முடிவுகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். ஊசிமுனையை ஒருவருக்கு ஒருமுறையே பயன்படுத்துதல், பெற்றோரின் சம்மதம் பெறுதல், சுகாதார ஊழியரின் மேற்பார்வை ஆகியன கட்டாயமானவை. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்பெறும் இரும்புச்சத்து மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும் என்பதற்கு, இச்சோதனையினும் தெளிவான விளக்கம் வேறில்லை.

கட்டணமும் பொறுப்பும்

மாணவரின் வேலைக்கு ஊரார் பணம் கொடுப்பது முறையா என்று சிலர் வினவலாம். இங்கே பணத்தின் தொகை முக்கியமன்று. அது கொண்டுவரும் பொறுப்பே முக்கியமானது. விடைத்தாளில் தவறாக எழுதியவனுக்கு மதிப்பெண் குறையும். அதனால் நட்டப்படுபவன் அவன் ஒருவனே. நீர்த்தேட்டத்தில் தவறாகக் கணித்தாலோ, ஒரு விவசாயி கடன் வாங்கிய பணம் வறண்ட குழியில் போய்விடும். மின்கம்பியைச் சரிவரப் பொருத்தாவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே அளவையை இருமுறை எடுத்தல், ஐயமுள்ள இடத்தில் ஐயமுண்டு எனச் சொல்லுதல், குறிப்பேட்டில் நாளும் எண்ணும் பதிதல் ஆகிய விஞ்ஞானப் பழக்கங்கள் உபதேசமின்றியே படிகின்றன.

மற்றொரு பயனும் உண்டு. கிராமப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் அனைவரும் கல்லூரிக்குச் செல்வதில்லை. தேர்வில் தவறியவன் பத்தாண்டு படித்தும் வெறுங்கையோடு வீடு திரும்பும் நிலை வருந்தத்தக்கது. படிப்பை இடையில் நிறுத்தியோருக்கென விஞ்ஞான் ஆசிரமம் ஓராண்டு கிராமத் தொழில்நுட்பப் பயிற்சி ஒன்றையும் நடத்தி வருகிறது. அதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டு. கையால் செய்து அறிபவன் மந்தபுத்தியுடையவன் அல்லன் என்னும் உண்மையை இது நிலைநாட்டுகிறது.

பரவலும் இடர்ப்பாடுகளும்

அடிப்படைத் தொழில்நுட்பப் பாடத்தை மகாராஷ்டிர இடைநிலைக் கல்வி வாரியம் ஏற்றுக்கொண்டது. பின்னர் அது வேறு பல பள்ளிகளிலும், பிற மாநிலங்கள் சிலவற்றிலும் பரவிற்று. 2002ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஒத்துழைப்புடன், கணிப்பொறியால் இயங்கும் கருவிகள் கொண்ட பட்டறை ஒன்றும் பாபலில் அமைந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்பினர் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பயிலவேண்டும் என்கிறது. இத்திசையில் செல்ல விரும்பும் பள்ளிகளுக்குப் பாபலின் அனுபவம் நல்ல வழிகாட்டியாகும்.

எனினும் இம்முறை எளிதில் கைகூடுவதன்று. வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினால் ஏனைய பாடங்கள் பின்தங்குமோ எனத் தலைமையாசிரியர் அஞ்சுவது இயற்கை. நல்ல பயிற்றுநர் ஒருவர் ஊரை விட்டு நீங்கினால் பணி தளரும். மேற்பார்வை குறைந்தால் சேவை என்பது இலவச உழைப்பாக மாறிவிடும் அபாயமும் உண்டு. மாணவர் செய்யும் ஒவ்வொரு பணியிலும், ‘இதனால் அவர் புதிதாகக் கற்றது என்ன?’ என்னும் கேள்விக்கு விடை இருத்தல் வேண்டும். விடை இல்லையெனில் அப்பணியை நிறுத்திவிடுவதே நலம்.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யத்தக்கவை

விலையுயர்ந்த கருவிகளுக்காகக் காத்திராமல், சிறு அளவில் தொடங்குவதே சிறந்தது. முதற்கண், ஊராருக்கு உண்மையில் தேவைப்படும் ஒரு பணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கால்நடை எடை காணுதலுக்கு ஓர் அளவுநாடாவும் குறிப்பேடுமே போதும். விவசாய அலுவலரும் கால்நடை மருத்துவரும் சுகாதாரச் செவிலியும் மாதம் ஒருமுறை பள்ளிக்கு வந்து மாணவரின் குறிப்பேடுகளைச் சரிபார்த்தால், அவர்தம் சொந்தப் பணிக்கும் நம்பத்தக்க தகவல்கள் கிட்டும். ஆசிரியர் அவ்வெண்களைக் கொண்டே கணித வகுப்பையும் விஞ்ஞான வகுப்பையும் நடத்தலாம்.

ஆண்டு முடிவில், தேர்ச்சிப் பட்டியலுக்குப் பக்கத்தில் மற்றொரு பட்டியலையும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நன்று: அளந்த நிலங்கள், எடை கண்ட கால்நடைகள், சோதித்த மண் மாதிரிகள், பழுது பார்த்த கருவிகள் இத்தனை என்று அதில் காட்டலாம். தவறிய கணிப்புகளையும் அதில் மறையாமல் எழுதவேண்டும். அப்பட்டியலைப் படிக்கும் ஊரார், பள்ளியைத் தமது உடைமையாகக் கருதத் தொடங்குவர்.