பாரிசவாதம் வந்த கை மறுபடி விளங்குமா?



பாரிசவாதம் வந்து ஒருத்தர் படுத்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்தக் கை இனி விளங்குமா?" என்பதுதான். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற கையானாலும், திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வந்து மூட்டை தூக்குகிற கையானாலும், வீட்டுச் சாப்பாடு அதை நம்பித்தான் இருக்கிறது. பதில் தெரியாமல் சிலர் "இனி அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் நகையை அடகு வைத்து ஊர் ஊராக அலைகிறார்கள்.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம் வரும். மூளையின் கட்டளையைக் கைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதை எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ, அதைப் பொறுத்தே கை திரும்பும். இதை அறிய முதல் நாட்களில் இரண்டு அசைவைப் பார்ப்பார்கள்.

1. தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா?
2. மடங்கிய விரல்களை நீட்ட முடிகிறதா?

2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வின்படி, இரண்டாம் நாளில் இந்த இரண்டும் கொஞ்சமாவது முடிந்தால், ஆறு மாதத்தில் கை ஓரளவு வேலைக்கு உதவும் வாய்ப்பு 100க்கு 98. இரண்டும் முடியாவிட்டால் 25. ஒன்பதாம் நாளிலும் முடியாவிட்டால் 14.

நடப்பதற்கும் அடையாளம் உண்டு. முதல் மூன்று நாளில் பிடிமானம் இல்லாமல் உட்கார முடிந்து, காலிலும் கொஞ்சம் பலம் இருந்தால் நடப்பார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஆனால் இது ஜாதகம் இல்லை. அசைவே இல்லாத சிலருக்கும் பாதை மிஞ்சியிருக்கும். நியூசிலாந்தில் தலைக்கு மேல் காந்தத் துடிப்புக் கொடுத்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது:

* முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும்.
* வாட்டில், "தோளும் விரலும் எப்படி இருக்கிறது?" என்று டாக்டரிடமோ இயன்மருத்துவரிடமோ கேளுங்கள்.
* விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் கெட்டுவிடும். தலையணையில் வைத்துத் தாங்குங்கள்.
* முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் அதிகம். கிளினிக்கை விடாமல், சொல்லித்தந்த பயிற்சியைத் தினமும் செய்யவையுங்கள்.
* கை திரும்புவது கஷ்டம் என்று சொன்னாலும் மனம் விடாதீர்கள். மற்றக் கையால் சாப்பிட, உடுத்தப் பழக்குங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தவே வேண்டாம்.