நரம்பறியும் கைகள் (9): நாயின் தலையும் ஒரு சிறு குழாயும்

கொல்ஜியின் வெள்ளிச் சாயத்தில் நரம்பணு கறுத்துத் தோன்றிய வரலாற்றைச் சென்ற வாரம் பாதியில் நிறுத்தினோம். அதைத் தொடர்வதாக வாக்களித்திருந்தபோதிலும், இவ்வாரம் என் சிந்தையை முற்றிலும் ஆட்கொண்டது ஒரு நாயின் தலையே.

பசறையிலோ தெமோதரையிலோ ஒரு தோட்டத்து லயத்தில் குழந்தையைக் கடித்த நாய் பின்னர் இறந்துபோனால், அதற்கு விசர் இருந்ததா என்பதை ஐயந்திரிபறச் சொல்லவல்லது அதன் மூளை ஒன்றே. ஆகையால் தலையை மட்டும் துண்டித்து, கசிவேற்படாவண்ணம் பொலித்தீன் உறைகளிலிட்டு, ஐஸுக்கு நடுவே வைத்து, கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். அத்தலையிலிருந்து மூளையை எடுக்கும் பணி, நோய் அரும்பிவிட்டால் மரணம் ஏறத்தாழ நிச்சயம் என்பதை நன்கறிந்து, முன்கூட்டியே தடுப்பூசி ஏற்றிக்கொண்டு, கையுறையும் முகக்கவசமும் தரித்து நிற்கும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரைச் சார்ந்தது.

இப்பணியைப் பற்றிப் படித்தவற்றுள் என்னைப் பேராச்சரியத்தில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. மண்டையோட்டை அறுக்க வசதியில்லாத இடங்களில், குளிர்பானம் உறிஞ்சும் சாதாரணக் குழாயே, அதாவது சுமார் 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்த அற்ப வஸ்துவே, போதுமான கருவியாகிவிடுகிறது! பிடரியின் பெருந்துளை வழியாக அதைக் கண்ணிருக்கும் திசை நோக்கிச் செலுத்தினால், முகுளம், சிறுமூளையின் அடிப்பாகம், ஹிப்போகாம்பஸ், பெருமூளைப் புறணி ஆகியவற்றின் துணுக்குகள் வரிசையாக அக்குழாயினுள் வந்து சேர்கின்றன. கண்ணால் காணாமலே மூளையின் பாகங்களை ஊடுருவிச் செல்லும் அந்தக் கையின் ஞானம், எந்தப் பேராசிரியரின் ஞானத்துக்கும் தாழ்ந்ததன்று என்பேன்.

அத்துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுத்து, குளிர்ந்த அசிற்றோனில் நிலைநிறுத்தி, ஒளிரும் பிறபொருளெதிரியைச் சேர்த்து உருப்பெருக்கியில் நோக்கினால், விசர் வைரஸ் இருக்குமிடமெல்லாம் இளங்கொழுந்தின் பசுமையோடு ஒளிர்கிறது. 1958இல் அறிமுகமான முறை இது.

அதற்கு முன்னர், நரம்பணுக்களுக்குள் காணப்படும் சிறு திரள்களையே தேடினார்கள். அவற்றை 1903இல் கண்டறிந்தவர் இத்தாலியின் பாவியா நகரத்து அடெல்கி நெக்ரி. அவை ஓர் ஒட்டுண்ணி என்று அவர் கருதியது பிழையாயினும், நோயின் அடையாளமாக அவை மெய்யாகவே பயன்பட்டன. விசர்கொண்ட மூளைகள் சிலவற்றில் அவை தென்படாமற் போனதுதான் குறை. அந்த நெக்ரி பணியாற்றியது கொல்ஜியின் ஆய்வுகூடத்திலேதான்! ஆகவே விட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். வெள்ளிச் சாயத்தை அடுத்த வாரம் விரிவாகக் காண்போம்.

தோட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொழும்பிலிருந்து முடிவு வரட்டும் என்று காத்திராதீர்கள். கடித்த நாயின் தலையைத் தடியால் அடித்துச் சிதைக்கவும் வேண்டாம். மூளை சிதைந்துவிட்டால் பரிசோதனைக்கு வழியில்லை.