மூடினது தப்பில்லை, மூச்சு விடாததுதான்!

ஓட்டல் சாம்பாரில் ஒரு நாள் கரப்பான்பூச்சி கிடந்தால் சமையல்காரரைத் திட்டலாம். தினமும் கிடந்தால்? ஓட்டலையே மூட வேண்டியதுதான். கூகுள் ப்ளஸ் கதையும் ஏறக்குறைய இதுதான் சார்.

ஃபேஸ்புக்கை ஒரு கை பார்ப்பதற்காக 2011 ஜூனில் கூகுள் திறந்த கடை அது. வியாபாரம்தான் சூடு பிடிக்கவில்லை. உள்ளே வருகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஐந்து வினாடிக்குள் வெளியேறிவிடுவதாகப் பிற்பாடு கூகுளே சொன்னது. (ஒரு வாய் காபி விழுங்கக்கூடப் போதாது!)

2018 மார்ச்சில் ஒரு ஓட்டை அகப்பட்டது. ஜனங்கள் மறைத்து வைத்திருந்த ஈ-மெயில், வயசு, உத்தியோகம் எல்லாவற்றையும் வெளியார் அப்ளிகேஷன்கள் எட்டிப் பார்க்க வழி இருந்தது. அடைத்தார்கள். ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. அக்டோபரில் பத்திரிகையில் வந்த பிறகுதான் வாய் திறந்தார்கள்: 5 லட்சம் கணக்குகள் வரை பாதித்திருக்கலாம், 2019 ஆகஸ்டில் மூடுகிறோம் என்று.

விட்டதா சனி? நவம்பரில் புரோகிராமில் ஏதோ மாற்றப்போய், இன்னொரு ஓட்டை. ஆறு நாள் திறந்து கிடந்தது. இந்தத் தடவை 5 கோடியே 25 லட்சம் பேர்! யாரும் அதைத் தப்பாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரமில்லை என்றார்கள். ஆனாலும் ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் 2019 ஏப்ரல் 2-ல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் வராத கடைக்கு எத்தனை பூட்டுதான் மாற்றுவது? எனக்கு உறுத்துவது அந்த ஏழு மாச மௌனம்.

உங்கள் ஆபீஸிலும் ஒட்டுப் போட்டே ஓட்டுகிற சிஸ்டம் ஒன்று இருக்கும். அதை என்றைக்கு மூடுவது என்று மேனேஜர் நிதானமாக யோசிக்கட்டும். ஓட்டை தெரிந்தால் மட்டும், அதில் பெயர் உள்ளவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்!