இடது பக்கம் திரும்பும் கார், நேரே வரும் மோட்டார் சைக்கிள்: தவறு யார் மீது?

கூலாய் – நகரின் வழியே போகும் முதலாம் எண் கூட்டரசு சாலையில் மோட்டார் சைக்கிள்கள் இடது ஓரத்தை ஒட்டியே செல்கின்றன. தாமானுக்குள்ளோ கடைவரிசைக்குள்ளோ நுழையும் கார், அந்த ஓரத்தைக் குறுக்கே வெட்டித்தான் திரும்பியாக வேண்டும்.

மோதியதும் காரோட்டி வழக்கமாகச் சொல்வது: “நான் சிக்னல் போட்டேன், அவர்தான் பின்னால் வந்து இடித்தார்.” அது மட்டுமே அவரைக் காப்பாற்றாது. சிக்னல் என்பது திரும்பப் போவதாகத் தரும் அறிவிப்பு; வழிவிடச் சொல்லும் உத்தரவு அல்ல. இடப்பக்கம் யாரும் வரவில்லை என்று பார்த்துத் திரும்பும் பொறுப்பு திரும்புகிறவருடையது. வலது தடத்திலிருந்து சடாரென வெட்டியிருந்தால் அந்தப் பொறுப்பு இன்னும் கூடும்.

பின்னால் வந்தவரே எப்போதும் குற்றவாளி என்பது கோப்பிக்கடைச் சட்டம். அடி இடப்பக்கக் கதவில் விழுந்ததா, பின் பம்பரில் விழுந்ததா என்பதும் கணக்கில் வரும். கதவில் என்றால், கார் திரும்பியபோது மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்காக மோட்டார் சைக்கிளோட்டி முழுதாகத் தப்பிவிட முடியாது. மிதமிஞ்சிய வேகம், திரும்பத் தொடங்கிவிட்ட காரின் இடுக்கில் நுழைவது ஆகியவையும் கவனக்குறைவே. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவு, தவறை இருவருக்கும் பங்கிட நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. இழப்பு 20,000 ரிங்கிட், மோட்டார் சைக்கிளோட்டியின் பங்கு 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அவருக்குக் கிடைப்பது 14,000 ரிங்கிட்.

இது இழப்பீட்டு வழக்கு. போலீஸ் நடவடிக்கை தனி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி, கவனக்குறைவாக ஓட்டியதற்கு 5,000 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: சாலையோரத்தில் ஐம்பதோ நூறோ கைமாறி, ஆளுக்கொரு பக்கம் போய்விடுவது. மறுநாள் முழங்கால் வீங்கினால் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. கட்டாயக் காப்புறுதி மூன்றாம் தரப்பினரின் காயத்துக்காகவே இருக்கிறது. ஆனால் போலீஸ் புகார் இல்லாமல் அதைக் கேட்பது மிகக் கடினம். விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு.

வண்டிகளை நகர்த்துமுன் இரண்டையும் சேர்த்து, சாலைக் கோடுகள் தெரியும்படி படம் எடுத்துக்கொள்வது நல்லது. டேஷ்கேம் இருந்தால் அன்றைய பதிவு அழிந்துவிடாமல் அன்றே எடுத்து வைக்க வேண்டும்.