தேவாலயப் பணியாளரின் சம்பளமும் வங்கிக் கணக்கும்

மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும், தனாதிகாரி காணிக்கைப் பணத்தை எண்ணி, அதிலிருந்தே உபதேசியாருக்கும் மணியடிப்பவருக்கும் வளவு கூட்டும் பெண்மணிக்கும் கடித உறைகளில் சம்பளம் வழங்கும் வழக்கம் நமது தேவாலயங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. இதில் நேர்மையீனம் எதனையும் நாம் காணவில்லை. ஆயினும், முப்பது வருடங்கள் மணியடித்த ஒருவர் முதுமையில் தமது சேவைக்குச் சான்று தேடும்போது, அந்த உறைகளில் ஒன்றுகூட எஞ்சியிருப்பதில்லை.

சம்பளத்தை வங்கியில் வைப்பிலிடுவது கடினமான காரியமன்று. முதலில் கணக்கு தேவாலயத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். பங்குத்தந்தையின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் இடமாற்றம் பெறும்போது சம்பளமும் தடைப்பட்டுவிடும். நிர்வாக சபை தீர்மானம் நிறைவேற்றி, கையொப்பமிடும் இருவரை நியமித்து, வங்கிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பணியாளர் இருவர் மூவர்தான் எனில், மாதந்தோறும் குறித்த தொகையை அனுப்புமாறு வங்கிக்கு நிலையான கட்டளை ஒன்றை வழங்குவதே போதுமானது. தொகை மாறுபடுமாயின் ஒவ்வொரு மாதமும் பட்டியல் அனுப்ப வேண்டும். வேறு வங்கிகளிலுள்ள கணக்குகளுக்கும் 'சிலிப்ஸ்' எனப்படும் வங்கிகளுக்கிடையிலான கொடுப்பனவு முறையினூடாகப் பணம் சென்றடையும். கணக்கு இலக்கத்தில் ஓர் எண் பிசகினாலும் பணம் திரும்பிவரலாம், அன்றேல் பிறர் கணக்கிற்குச் சென்றுவிடலாம். எனவே முதன்முறை சிறுதொகை ஒன்றை அனுப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வங்கியில் சம்பளம் போடுவதால் மட்டும் ஊழியர் சேமலாப நிதிக்கான கடமை நிறைவேறிவிடாது. பலர் தவறுவது இங்கேதான். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியரின் பங்கு 8 சதவீதம், தொழில்கொள்வோரின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குரிய 3 சதவீதமும் தொழில்கொள்வோரையே சாரும். அதனைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. சம்பளம் 30,000 ரூபா எனக் கொள்வோம். பணியாளரின் கணக்கிற்கு 27,600 ரூபா செல்லும். தேவாலயத்திற்கு ஏற்படும் மொத்தச் செலவோ 34,500 ரூபா. வரவுசெலவுத் திட்டம் தயாரிப்போர் இந்த மேலதிக 4,500 ரூபாவை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சிறிய அறநிலையங்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவை தமக்குப் பொருந்துமா என்பதைத் தொழில் அலுவலகத்தில் விசாரித்து அறிதல் நன்று.

எழுத்தறிவு குறைந்த முதிய பணியாளர்கள் தன்னியக்க இயந்திர அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் தனாதிகாரியிடமே ஒப்படைத்துவிடுவதும் உண்டு. நம்பிக்கை காரணமாகவே அவ்வாறு செய்கின்றனர். எனினும் தனாதிகாரி அதனை ஏற்கலாகாது. முதல் இரண்டு மாதங்கள் உடன் சென்று, சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டு பணம் எடுக்கப் பழக்கிவிடலாம். கழிவுகள் யாவும் குறிக்கப்பட்ட சம்பளச் சீட்டும் மாதந்தோறும் அவர்களது கைக்குக் கிடைக்க வேண்டும்.