வேர் யாரைச் சேர்த்துக்கொள்கிறது?

நிலக்கடலையின் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. விவசாயிகள் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். இத்தனைக்கும் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரையாமல் இறுகிக் கிடக்கும், வேருக்கு எட்டாது.

இந்தத் தட்டுப்பாட்டைச் செடி எப்படிச் சமாளிக்கிறது என்பது, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில்தான் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. இரும்பு குறைந்தால் அதன் வேர் கூமரின் என்ற வகைச் சேர்மங்களைக் கசியவிடுகிறது. புற ஊதா விளக்கில் பார்த்தால் அந்தக் கசிவு நீலமாக ஒளிரும். ஃப்ராக்ஸெட்டின் போன்ற கூமரின்கள் இறுகிய இரும்பை இளக்கித் தருகின்றன. ஆனால் ஸ்கோபோலெட்டின் என்ற கூமரினுக்கு அந்தத் திறன் குறைவு. பிறகு எதற்கு அது?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். வாடல் நோய் தரும் ஃபியூசேரியம், வெர்ட்டிசிலியம் பூஞ்சைகளின் வளர்ச்சியை ஸ்கோபோலெட்டின் தடுக்கிறது. ஆனால் செடிக்கு நன்மை செய்யும் இரண்டு சூடோமோனாஸ் பாக்டீரியா ரகங்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. இவை வேரில் குடியேறினால் இலைகள்கூட நோய்க்கு எதிராக உஷாராகிவிடும். கூமரின் செய்ய முடியாதபடி மாற்றப்பட்ட செடிகளின் வேரில் கூடிய நுண்ணுயிர்க் கூட்டமே வேறாக இருந்தது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அடுத்த செய்திதான். ஸ்கோபோலெட்டின் கசிவுக்கு வழிவிடும் மரபணு விசையின் பெயர் 'எம்ஒய்பி72'. இரும்புக் குறை ஏற்பட்டால் அது முடுக்கப்படுகிறது. அந்தச் சூடோமோனாஸ் வேரைத் தொட்டாலும் முடுக்கப்படுகிறது! தன்னைப் பாதிக்காத, பிறரைப் பாதிக்கும் ஒரு பொருளைப் பாக்டீரியாவே செடியிடம் சுரக்கவைக்கிறது. அப்படியானால் தேர்ந்தெடுப்பது செடி மட்டும் என்று எப்படிச் சொல்வது?

அதற்காக எல்லாச் சூடோமோனாஸும் தப்பிவிடும் என்று எண்ணக் கூடாது. 2019-ல் வெளியான வேறோர் ஆய்வில், கூமரின் ஒரு சூடோமோனாஸ் ரகத்தையே ஒடுக்கியது. நம் ஊரில் விதை நேர்த்திக்கு வாங்கும் சூடோமோனாஸ் பயிருக்குப் பயிர் வேறுவிதமாக வேலை செய்வதற்கு வேர்க் கசிவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

2020-ல் ஜெர்மனியின் கொலோன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இரும்புக்கே திரும்பினார்கள். எட்டாத இரும்பு மட்டுமே உள்ள சூழலில், வேர்வாழ் பாக்டீரியாக்கள் சேர்ந்ததும் செடிகள் தேறின. கூமரின் செய்ய முடியாத செடிகளுக்கோ அதே பாக்டீரியாக்களால் பயன் கிடைக்கவில்லை.