கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?



தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோயாளிகளுக்கு நீங்கள் அனுப்பும் உதவியால் 'சீபாப்' கருவிகள் வாங்கிக் கொடுக்கிறோம். "கருவிதான் தினமும் காலையில் கணக்குக் காட்டுகிறதே, பின் ஏன் நோயாளியை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அழைக்கிறீர்கள்?" என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த நோயில், தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பலமான குறட்டை திடீரென நின்று, பிறகு திணறலோடு மூச்சு திரும்பும். இரவெல்லாம் இப்படி நடந்தால் பகலில் தூக்கம் தள்ளும். வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் என்றால் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவனும் அவரது சகாக்களும், மூக்கு வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி அந்தப் பாதையைத் திறந்து வைக்கலாம் என்று காட்டினார்கள். இன்றைய கருவிகள் அதன் வழி வந்தவை.

கருவியின் திரையில் வரும் எண், மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதாகும். குறைந்தது 10 விநாடி நீடித்தால் அது ஒரு முறை. 5-க்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறோம்.

ஆஸ்பத்திரியில் செய்யும் தூக்கப் பரிசோதனையில் தலையில் ஒயர்கள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப் எல்லாம் வைக்கிறோம். வீட்டுக் கருவியிடம் இவை ஒன்றும் இல்லை. குழாயில் போகும் காற்றின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் வைத்தே கணிக்கிறது. நோயாளி தூங்குகிறாரா, விழித்துப் படுத்திருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதா என்பதும் தெரியாது. மாஸ்க்கின் ஓரத்திலோ வாய் வழியாகவோ காற்று அதிகம் கசிந்தால் கணக்கே தடுமாறிவிடும்.

இவற்றைவிட எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. மாஸ்க் போட்டிருக்கும் நேரத்தை மட்டுமே கருவி கணக்கிடுகிறது. ஒருவர் இரவு 10 மணிக்கு மாஸ்க்கைப் போட்டு, 1 மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு, காலை 5 மணிவரை தூங்குகிறார் என்று வையுங்கள். முதல் 3 மணி நேரத்தில் 6 முறை மூச்சு நின்றால் திரையில் 2 என்று வரும். மிச்சமுள்ள 4 மணி நேரத்தில் மணிக்கு 40 முறை நின்றிருந்தால் அது 160 முறை. இரவு முழுவதற்கும் சராசரி ஏறக்குறைய 24! கனவுகள் அதிகம் வரும் விடியற்காலைத் தூக்கத்தில்தான் பலருக்கு இந்நோய் மிகவும் மோசமாகிறது. திரையோ "2" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் கருவியின் கணக்கு வீணா? இல்லை. எத்தனை மணி நேரம் உபயோகித்தார் என்பதை அது நன்றாகவே சொல்லும். அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே கூறியது: உபயோகித்த நேரத்தை நம்பலாம், மீதமுள்ள மூச்சுத்தடைகளின் எண்ணிக்கையையும் கசிவையும் பொருள்கொள்வது அவ்வளவு எளிதல்ல, கம்பெனிக்குக் கம்பெனி கணக்கிடும் முறை வேறுபடுகிறது. ஆகவே, ஒருவருடைய கருவியின் எண்ணை வேறு கம்பெனிக் கருவி வைத்திருப்பவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. நேற்று 3, இன்று 7 என்று பதறி அழுத்தத்தைத் தாமே மாற்றுவதும் கூடாது. பல வாரங்களாக எண் உயர்ந்தே நின்றால் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

எனவே நோயாளி வரும்போது முதலில் மணி நேரத்தைப் பார்க்கிறோம், பிறகு மாஸ்க்கை. பகலில் தூக்கம் வருகிறதா என்று அவரிடமும், இரவில் குறட்டை கேட்கிறதா என்று வீட்டாரிடமும் விசாரிக்கிறோம். திரையில் எண் குறைவாக இருந்தும் அவர் சோர்ந்தே இருந்தால், இரவு முழுவதும் ஆக்ஸிஜன் அளவைப் பதிவுசெய்து பார்க்கிறோம். தேவையானால் முழுப் பரிசோதனை. நீங்கள் தருவதில் ஒரு பகுதி மாஸ்க்குகளுக்கும் இந்த மறுபரிசோதனைகளுக்கும் செலவாவது இதனால்தான்.

வீட்டில் சும்மா கிடக்கும் கருவியை நன்கொடையாகத் தர விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரிந்தவருக்கு நேராகக் கொடுத்துவிடாதீர்கள். அதில் வைத்திருக்கும் அழுத்தம் முன்பு உபயோகித்தவருக்கு உரியது. அவருடைய கணக்கும் உள்ளேயே இருக்கும். டாக்டர் அதை அழித்து, புதியவருக்கு ஏற்ற அழுத்தத்தை வைத்து, புது மாஸ்க்குடன் கொடுக்க வேண்டும்.